மலை ஏரிக்கு நடை: மெக்ரிச்சியா, ஈஜெனா, ரிஞ்சானியா, ஜியாமிங்கா?

சிங்கப்பூரில் படிக்கும் அக்கா மகனுக்கு உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான ஓ லெவல் நவம்பர் நடுவாக்கில் முடிகிறது. முடிந்த கையோடு மலைமேல் இருக்கும் ஏதாவது ஓர் ஏரிக்கு நடந்து போக வேண்டும் என்பது அவனுடைய ஒரே கோரிக்கை. பாங்காக் வேண்டாம், செந்தோசா வேண்டாம். காடு, ஏற்றம், மேலே தண்ணீர், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி எவனோ காட்டிய படம்தான் காரணமாக இருக்கும். பதினாறு வயதுப் பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போகலாம் என்று சொல்லும்போது காரணம் கேட்கக் கூடாது.

நாங்கள் நாலு பேர்: நான், அக்கா, அத்தான், அவன். அத்தானுக்கு 59 வயது. அவருடைய வலது முழங்கால் படி ஏறும்போது சும்மா இருக்கும், இறங்கும்போது பேசும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எந்த ஏரி அழகு என்று ஆரம்பித்த எங்கள் பேச்சு மூன்று வாரம் சுற்றிவிட்டு அந்த முழங்காலில் வந்துதான் நின்றது.

அக்கா முதலில் சொன்னது கொடைக்கானல். நாங்கள் திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள், அவளுக்கு மலை என்றால் அதுதான். டவுனுக்கு நடுவில் இருக்கும் ஏரி, மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. அதைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டலாம், சோளம் தின்னலாம், நடைப்பயணம் என்று சொல்ல முடியாது. காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி வேறு ரகம். ஆனால் வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கி, வண்டியில் போய், பார்த்துவிட்டு, வண்டியிலேயே திரும்பி வர வேண்டும். அதோடு, ஊருக்குப் போனால் ஊருக்குப் போனதாகத்தான் ஆகும். சித்தி வீடு, பெரியப்பா வீடு, யாராவது ஒருவருக்குக் காதுகுத்து. நடைக்கென்று ஒரு நாள் மிஞ்சாது. கொடைக்கானல் அன்றைக்கே பட்டியலிலிருந்து போய்விட்டது.

மிஞ்சியது நாலு. சிங்கப்பூரில் வீட்டு வாசலிலேயே இருக்கும் மெக்ரிச்சி நீர்த்தேக்கம், இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் ஈஜென், அதே நாட்டில் லொம்போக் தீவின் ரிஞ்சானி மலைக்குள் இருக்கும் செகாரா அனாக், தைவானின் ஜியாமிங் ஏரி. இதில் மெக்ரிச்சிக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணவில்லை. ஈஜெனுக்கு 2016-லும் ரிஞ்சானிக்கு 2023-லும் போனேன். ஜியாமிங் நான் பார்க்காதது. அலுவலகத் தோழி ஒருத்தி போய்விட்டு வந்து சொன்னதும், அவளை உட்காரவைத்து நான் துருவித் துருவிக் கேட்டதும்தான் என் கையிருப்பு.

நாலையும் ஒப்பிட, படங்கள் எதற்கும் உதவாது. படத்தில் எல்லா ஏரியும் நீலம். நான் கேட்ட கேள்வி வேறு: ஏரி பாதையின் எந்த இடத்தில் இருக்கிறது? சில இடங்களில் ஏரிக்கரையிலிருந்தே நடக்க ஆரம்பிக்கிறோம். சில இடங்களில் விளிம்புவரை ஏறி, மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். எரிமலை வாய்க்குள் கிடக்கும் ஏரி என்றால் விளிம்புக்கு ஏறி, உள்ளே இறங்கி, வெளியே வர மறுபடி ஏறி, அப்புறம் ஊர்வரை இறங்க வேண்டும். ஒரு ஏரிக்கு இரண்டு மலை. இதை எந்தப் பயண ஏற்பாட்டாளரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

மெக்ரிச்சி முதல் ரகம். மலை இல்லையே என்று அக்கா மகன் முகம் சுளித்தான். வாஸ்தவம்தான், சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமாவே 163 மீட்டர் சொச்சம். ஆனால் காடு பொய்யில்லை. மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்குள் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. 1868-ல் கட்டி முடித்த, சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம் இது. நகரத்துக்கு நல்ல தண்ணீர் வர வேண்டும் என்று வணிகர் டான் கிம் செங் 1857-ல் 13,000 வெள்ளி (டாலர்) நன்கொடை கொடுத்தார். தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். 1890-களில் அணையைப் பெரிதாக்கிய பொறியாளர் மெக்ரிச்சியின் பெயர் 1922-ல் நீர்த்தேக்கத்துக்கு வந்தது. பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது எஸ்பிளனேட் பூங்காவில் ஒரு நீரூற்று.

காலையில் ஏழு மணிக்குக் கரையோர மரப்பலகைப் பாதையில் ஆரம்பித்தால் முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் பக்கத்திலேயே வரும். உடும்பு ஒன்று பாதையைக் கடந்து, நம்மைப் பொருட்படுத்தாமல் ஏரிக்குள் இறங்கும். அப்புறம் தண்ணீர் மறைந்து வேர்கள் ஆரம்பிக்கும். மழை பெய்த மறுநாள் அந்த வேர்கள்மேல் கால் வைத்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். நடுவில் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம், ட்ரீடாப் வாக், புக்கிட் பியர்சையும் புக்கிட் கலாங்கையும் இணைக்கிறது. ஆக உயர்ந்த இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். ஒருவழிதான், திரும்பி வர முடியாது. திங்கட்கிழமை மூடியிருக்கும். பராமரிப்புக்காகவும் அவ்வப்போது மூடுவார்கள், அதனால் கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாலம் முடிந்ததும் வரும் மரப்படிகளில்தான் பலரின் பேச்சு நிற்கும்.

செலவு பேருந்துக் கட்டணம். விடுப்பு அரை நாள். நடை அலுத்துவிட்டால் கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே. குரங்குகளிடம் மட்டும் ஜாக்கிரதை, பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே போதும். உணவு கொடுத்துப் பிடிபட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மதியத்துக்குமேல் இடி இறங்கும், அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பயணமாக இதைச் சொன்னால் அக்கா மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். பரீட்சையாகச் சொன்னால் ஒத்துக்கொள்வான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈஜென் இரண்டாம் ரகம், விளிம்பில் நின்று பார்ப்பது. பால்டுடிங் என்ற இடத்திலிருந்து விளிம்புவரை மூன்று கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 500 மீட்டர். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, இருட்டிலேயே ஏறி, விடியும்போது மேலே இருக்க வேண்டும். காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கீழே ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு இளநீலத்தில் ஒரு ஏரி. தண்ணீர் என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர அது அமிலம். பிஹெச் அளவு 1-க்கும் கீழே, இந்த அளவில் உலகத்திலேயே ஆகப் பெரிய அமில ஏரி என்று சொல்வார்கள். கரைக்குப் போய்க் கால் நனைக்கும் கதையே இல்லை. கந்தக வாயு வெடிப்புகளிலிருந்து வெளியே வந்து தீப்பற்றி எரிவதுதான் புகழ்பெற்ற அந்த நீலத் தீ, இருட்டில் மட்டும் தெரியும்.

எனக்கு நினைவில் நிற்பது தீயும் இல்லை, நீலமும் இல்லை. இரண்டு கூடைகளில் மஞ்சள் கந்தகக் கட்டிகளை அடுக்கி, காவடிபோலத் தோளில் வைத்து, எழுபது எண்பது கிலோவைச் சுமந்துகொண்டு பாறைப் படிகளில் ஏறி வந்த ஆட்கள். ஒருவர் எங்கள் பக்கத்தில் கூடையை இறக்கி மூச்சு வாங்கினார். தோளில், நுகத்தடி பட்ட மாட்டுக் கழுத்துபோல, ஒரு திரண்ட காய்ப்பு. நாங்கள் கையில் சாக்லேட்டோடு நின்றோம். அப்போது காற்று திரும்பியது. எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்த ஆள் கொடுத்த முகமூடியின் வடிகட்டி எத்தனை பேர் மூக்கைப் பார்த்ததோ, ஒன்றுக்கும் உதவவில்லை. சின்ன வயதில் திண்டுக்கல்லில் தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் ஒரு வாடை இருக்குமே, அதை நூறு மடங்காக்கித் தொண்டைக்குள் திணித்த மாதிரி இருந்தது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த இடம் வேண்டவே வேண்டாம். முகமூடியை இங்கேயே, வடிகட்டியோடு புதிதாக, வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

முழங்காலுக்கு ஈஜென் கருணையானது. பாதை அகலம், இறக்கம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடியாதவர்களை இழுவை வண்டியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி இழுத்துப் போகிற ஆட்கள்கூட இருக்கிறார்கள். அத்தான் அதில் ஏறுவதைவிட ஊரைப் பார்க்க நடந்தே போய்விடுவார், அது வேறு விஷயம். போவதற்கு முன் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். சுராபாயாவுக்கு இங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து ஈஜெனுக்குப் பக்கத்து ஊரான பன்யுவாங்கிக்குத் தரைவழியில் ஆறேழு மணி நேரம் என்பதுதான் வலி. நாலு நாள் போதும்.

இனி ரிஞ்சானி. இதற்கு நிறைய இடம் கொடுக்கப்போகிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நம்மவர்கள் மிக லேசாக எடுத்துக்கொள்ளும் மலை இதுதான். விமானம் மூன்று மணி நேரத்துக்குள், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், சாப்பாடு தெரிந்த சாப்பாடு. பக்கத்து வீட்டுக்குப் போவதுபோலத் தோன்றும். போய் நின்றால் 3,726 மீட்டர், இந்தோனேசியாவின் இரண்டாவது உயரமான எரிமலை.

ஏரியின் பெயர் செகாரா அனாக். அனாக் என்றால் பிள்ளை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். செகாரா நம்முடைய சாகரம்தான். கடலின் பிள்ளை. கடல் நிறத்தில் 2,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது, நடுவில் பாருஜாரி என்ற குட்டி எரிமலை கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. பள்ளம் உண்டானது 1257-ல், சமாலாஸ் என்ற மலை தன் தலையையே ஊதித் தள்ளியபோது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் ஆகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. துருவப் பனிக்கட்டிக்குள் அதன் கந்தகத் தடயத்தை வெகுநாள் முன்பே கண்டிருந்தும், அது எந்த மலையின் வேலை என்று 2013-ல்தான் உறுதியாகச் சொன்னார்கள். லொம்போக்கின் பாலி இந்துக்கள் இன்றும் மேலே நடந்து போய் ஏரியில் பொன் காணிக்கை போடுகிறார்கள். நாம் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் காதோலை கருகமணி விடுவதை நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போனது மூன்று பகல் இரண்டு இரவு, உச்சியை விட்டுவிட்டு. முதல் நாள் செம்பாலுன் கிராமத்திலிருந்து, சுமார் 1,150 மீட்டரில் ஆரம்பித்து, 2,639 மீட்டரில் இருக்கும் விளிம்புவரை ஏற்றம். புல்வெளி, வெயில், நிழலே கிடையாது. இரவில் விளிம்பில் கூடாரம், பத்துப் பாகைக்கும் கீழே குளிர். இரண்டாம் நாள் காலை ஏரிக்கு 640 மீட்டர் இறக்கம், பாறைமேல் பாறை. மதியம் வெந்நீர் ஊற்றில் காலை வைத்து உட்கார்ந்தபோது, இதற்காக இன்னும் இரண்டு மலைகூட ஏறலாம் என்று தோன்றியது. அரை மணி நேரத்தில் வழிகாட்டி எழுப்பிவிட்டார். எதிர்ப்பக்க விளிம்புக்கு, கழற்றிவைத்த அதே 640 மீட்டரை மறுபடி ஏற வேண்டும். மூன்றாம் நாள் அந்த விளிம்பிலிருந்து 600 மீட்டரில் இருக்கும் செனாருவரை, ஒரே நாளில் ஏறத்தாழ 2,000 மீட்டர் இறக்கம்.

2,000 மீட்டர் என்பது நமக்குப் புரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ப்ளாக்கில் ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர். பன்னிரண்டு மாடி ப்ளாக் ஒன்றில் லிஃப்டில் ஏறிப்போய்ப் படியில் இறங்குங்கள். அப்படி அறுபது தடவை, ஒரே நாளில். படியும் சமமாக இருக்காது, பாதி இடத்தில் படிக்குப் பதில் வேர்.

இந்த இடத்தில் என் ஷூவின் கதையைச் சொல்லிவிட வேண்டும். 2015-ல் வாங்கி, இரண்டே தடவை போட்டுவிட்டு, வாசல் ஷூ அலமாரியில் எட்டு வருடம் வைத்திருந்தேன். பார்த்தால் புதுசு. ஏரிக்கு இறங்கும் வழியில் இடது குதிகால் கொஞ்சம் ஆடியது. அடுத்த பாறையில் கால் வைத்ததும் அடிப்பாகம் நமத்துப்போன பிஸ்கட்போல உதிர்ந்து, தோல் மேல்பாகம் மட்டும் காலில் நின்றது. ஷூவின் நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன், நம்ம ஊர் ஈரக் காற்றில் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்குமாம். போட்டுக்கொண்டே இருந்தால்கூடத் தாங்குமாம், பூட்டிவைத்தால்தான் கேடு. சுமைதூக்கி ஒருவர் மூங்கில் கழியை இறக்கிவைத்து, காய்கறி மூட்டையிலிருந்து ராஃபியா கயிற்றை உருவி, என் பாதத்தைச் சுற்றி எட்டுப்போல இரண்டு கட்டுக் கட்டிவிட்டார். அவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. மீதி ஒன்றரை நாளை அந்தக் கயிற்றில்தான் நடந்தேன். செனாருவில் உட்கார்ந்து அவிழ்த்தபோது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. எழுந்து முழுசாக விழுந்தது தீபாவளி சமயத்தில்.

ரிஞ்சானியை வேண்டாம் என்று சொல்வதற்கு என் நகம் காரணம் இல்லை. மலையே லேசுப்பட்டதில்லை. 2018 ஜூலை 29 அன்று 6.4 அளவு நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மேலே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுதான் படிப்படியாகத் திறந்தார்கள். 2025 ஜூனில் பிரேசில் பெண் ஒருவர் உச்சிக்குப் போகும் வழியில் சரிந்து விழுந்து, மீட்புக் குழு நெருங்குவதற்குள் நாட்கள் ஓடி, இறந்தே போனார். இப்படிப்பட்ட இடத்தில் முழங்கால் பிசகினால் தூக்கிவர வண்டிப் பாதை இல்லை.

அப்புறம் நாட்காட்டி. ரிஞ்சானி தேசியப் பூங்கா ஆண்டுதோறும் ஜனவரியிலிருந்து மார்ச்வரை மழைக்காக மூடப்படும். நவம்பரிலேயே மழை ஆரம்பித்துவிடும். அந்த மலை ஜூன் பள்ளி விடுமுறைக்குத்தான் சரி. ஈஜெனும் அதே மழைக்குள் வருகிறது. ஆனால் அது ஒரு காலைப்பொழுது வேலை, ஒரு நாள் மழை பெய்தால் மறுநாள் பார்க்கலாம். தைவான் இதற்கு நேர் எதிர். மே, ஜூனில் மழை, அப்புறம் செப்டம்பர்வரை சூறாவளி, அக்டோபர், நவம்பரில்தான் வானம் தெளிகிறது. பள்ளி விடுமுறை இருக்கிற வீட்டுக்கு இந்த ஒரு கணக்கே பாதி முடிவை எடுத்துவிடும்: ஜூன் என்றால் இந்தோனேசியா, நவம்பர் என்றால் தைவான். டிசம்பர் பிற்பகுதி என்றால் தைவானில் அந்த உயரத்தில் உறைபனி. இங்கே குளிர்சாதன அறையில் சால்வை போர்த்தும் அக்காவுக்கு அது ஆகாது.

ஜியாமிங் ஏரி 3,310 மீட்டரில் இருக்கிறது. நுழைவாயில் ஷியாங்யாங் தேசிய வனப் பொழுதுபோக்குப் பகுதி, சுமார் 2,320 மீட்டர். வண்டியே அவ்வளவு தூரம் மேலே கொண்டுவந்து விட்டுவிடுகிறது, அதுதான் இங்கே பெரிய வித்தியாசம். ஏரிவரை ஒரு பக்கம் 13 கிலோமீட்டர், போய்வர 26. மூன்று நாளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் நாலு கிலோமீட்டர் சொச்சம் நடந்து ஷியாங்யாங் மலைக்குடிலில் தங்கல், அல்லது இன்னும் நாலு கிலோமீட்டர் ஏறி மேல் குடில். இரண்டாம் நாள் முதுகைச் சுமையில்லாமல் வைத்துக்கொண்டு முகட்டுவழியே ஏரிக்குப் போய்த் திரும்பல். மூன்றாம் நாள் இறக்கம். மேல் குடிலிலிருந்து வாயில்வரை எட்டரை கிலோமீட்டரில் சுமார் 1,000 மீட்டர். ரிஞ்சானியின் கடைசி நாளில் பாதி. கூடாரத்துக்குப் பதில் பலகைப் படுக்கை, கழிப்பறை என்று ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு இந்தக் கடைசி விஷயம் ஏரியைவிட முக்கியம், எனக்கும்தான்.

தோழி சொன்னதில் எனக்குப் பிடித்தது ஏரியைப் பற்றி இல்லை. "ஏரி சின்னதுதான், எதிர்பார்த்துப் போகாதே" என்றாள். கால்பந்துத் திடலைவிடக் கொஞ்சம் பெரிய நீள்வட்டம், மேலிருந்து பார்க்கும்போது யாரோ புல்லில் வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் தட்டுபோல இருந்ததாம். வெகுகாலம் அதை விண்கல் விழுந்த குழி என்று நம்பினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் பனியாறு குடைந்த பள்ளம் என்கிறார்கள். அவள் அசந்து நின்றது விடிகாலையில் குடிலுக்கு வெளியே வந்த கடமான்களைப் பார்த்துத்தான். மனிதர்கள் சிறுநீர் கழித்த இடத்தில் உப்புக்காக நக்கிக்கொண்டு நின்றனவாம், கை எட்டும் தூரத்தில். மலையில் உப்பு அவ்வளவு அரிது.

அந்த முகட்டுக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1945 செப்டம்பரில், போர் முடிந்து விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்குப் போன அமெரிக்க விமானம் ஒன்று சூறாவளியில் சிக்கி, ஏரிக்குப் பக்கத்தில் சான்ச்சா மலையில் மோதியது. 25 பேரும் மாண்டார்கள். தேடி ஏறிய உள்ளூர்க்காரர்களில் 26 பேர் அடுத்த சூறாவளியின் குளிரில் இறந்தார்கள். மூன்றரை ஆண்டு சிறையிலிருந்து தப்பித்து வீட்டுக்குப் போகும் வழியில் இப்படி. ஜப்பானியர் போர்க்கைதிகளை அடைத்துவைத்த சாங்கி சிறையின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

ஜியாமிங்கின் குறைகளும் கொஞ்சமில்லை. குடிலில் இடம் குலுக்கல் முறையில்தான், விழாவிட்டால் பயணமே இல்லை. மலைக்குள் நுழையக் காவல்துறை அனுமதி தனி. தைப்பேவரை விமானத்தில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி, அங்கிருந்து தைடுங்குக்கு ரயிலில் மூன்றரை, நாலு மணி, அப்புறம் மலைச்சாலை. அந்தச் சாலை 2009-ல் மொராகோட் சூறாவளியில் உடைந்து, 2022-ல்தான் முழுசாகத் திறந்தது. இப்போதும் பெருமழை வந்தால் மூடிவிடுவார்கள். ஆக, ஒரு வாரம் விடுப்பு வேண்டும். 3,000 மீட்டருக்குமேல் தலைவலி, குமட்டல் வரலாம். கடல்மட்டத்திலேயே வாழ்கிற நமக்கு அதைச் சோதித்துப் பார்க்க இங்கே வழியில்லை. முதல் நாள் கீழ்க் குடிலிலேயே நின்றுவிடுவது அதற்குத்தான் நல்லது. பயணக் காப்புறுதி வாங்கும்போது உயர வரம்பைப் படித்துவிடுங்கள், சில திட்டங்களில் குறிப்பிட்ட உயரத்துக்குமேல் நடந்தது தெரிந்தால் ஒரு வெள்ளி பெயராது.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அக்கா குடும்பத்திடம் சிங்கப்பூர்க் கடப்பிதழ், எங்கேயும் விசா இல்லை. என்னுடையது இன்னும் இந்தியக் கடப்பிதழ். இந்தோனேசியாவில் இறங்கிய இடத்திலேயே கட்டணம் கட்டி விசா வாங்கிவிடலாம். தைவானுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். "உன் ஒருத்தியால..." என்று அக்கா ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை அக்கா சைவம். ரிஞ்சானியில் சுமைதூக்கிகளே சமைப்பார்கள், சோயாவில் செய்யும் தெம்பேயும் காய் போட்ட நாசி கோரெங் என்ற வறுத்த சோறும் கிடைக்கும், முன்கூட்டிச் சொன்னால் போதும். தைவானில் சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. மலைக்குடிலில் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எப்படியும் இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய புளியோதரைப் பொடி பையில் இருக்கும்.

பணம் என்று பார்த்தால், ரிஞ்சானியில் 2023-ல் வழிகாட்டி, சுமைதூக்கி, கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 300 வெள்ளியை ஒட்டி ஆனது, விமானம் தனி. ஈஜென் அதைவிடக் குறைவு. தைவான் இரண்டையும் சேர்த்ததைவிட மேலே போகும் என்பது தோழியின் கணக்கு.

சரி, யாருக்கு எது? இருபதுகளில் இருக்கிறீர்கள், முழங்கால் இரண்டும் ஊமை, ஜூனில் ஐந்து நாள் கிடைக்கிறது என்றால் ரிஞ்சானிக்குப் போங்கள். மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அந்த ஏரிக்கு ஈடாகாது, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். முதல் தடவையாக மலைக்குப் போகிறவர்கள், நீண்ட வார இறுதியோடு ஒரு நாள் விடுப்பு மட்டும் சேர்க்க முடிகிறவர்கள் ஈஜெனுக்குப் போகலாம். ஏரியைத் தொட வேண்டும் என்ற ஆசை மட்டும் கூடாது. கலவையான வயதுக்காரர்கள், நவம்பர், திட்டமிடப் பொறுமை இருக்கிறது என்றால் ஜியாமிங். எங்களுக்கும் அதுதான் என்று நான் சொன்னேன். அக்கா மகன் ரிஞ்சானி என்றான். அடுத்த ஜூனில் நீயும் நானும் மட்டும் என்று சொல்லி அவனை அடக்கினேன். அத்தான் எதற்கும் தலையாட்டினார், முழங்காலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதனால்தான் மெக்ரிச்சியைப் பரீட்சையாக வைத்தேன். சனிக்கிழமை 11 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை மறுபடி 11, முதுகில் ஐந்து கிலோவோடு. ஜியாமிங்கின் 26-க்கு இது நெருங்கி வருகிறது. முக்கியமானது இரண்டாவது நாள்தான். ஒரு நாள் நடப்பது யாருக்கும் முடியும், மறுநாள் காலை கட்டிலிலிருந்து கால் கீழே வைக்கும்போதுதான் முழங்கால் தன் தீர்ப்பைச் சொல்லும். இறக்கத்துக்கு வாரநாளில் ப்ளாக் படிக்கட்டு. அத்தான் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் படியில் இறங்கி ஏறுகிறார். ஆறாவது மாடிச் சீன ஆன்ட்டி மூன்று நாள் பார்த்துவிட்டு, லிஃப்ட் கெட்டுப்போய்விட்டதா, நகர மன்றத்துக்கு நான் போன் பண்ணட்டுமா என்று கேட்டாராம்.

போன சனிக்கிழமை நாலு பேரும் நடந்தோம், நாலரை மணி நேரம். பாலத்துக்கு அப்புறம் வரும் மரப்படிகளில் அத்தான் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து, கைத்தடியோடு, மைலோ குடித்துக்கொண்டிருந்தார். வராதது பதினாறு வயதுக்காரன்தான். எழுப்ப எழுப்பத் தூங்குகிறான் என்று அக்கா தகவல் அனுப்பியிருந்தாள்.

குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கப்போகிறோம், நவம்பர் கடைசி வாரத்துக்கு. குடில் கிடைக்காவிட்டாலோ என் விசா இழுத்தாலோ ஈஜென். அத்தானுக்குக் கைத்தடி இரண்டாக வாங்க வேண்டும், ஒன்று போதாது. எனக்குப் புது ஷூ. இந்தத் தடவை அதை அலமாரியில் வைக்காமல், சந்தைக்கும் அலுவலகத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறேன்.